கஸ்டர்டிடம் பேசாத தவக்காலம்

எனக்குப் பூனைகள் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவதில் பாதி ஒரு பூனையைப் பற்றியது. காக்ஸ் டவுனில் மௌரீன் ஆன்ட்டி வீட்டு மாடிக்கு நானும் என் கணவன் சீனுவும் குடிவந்த அன்று, சாமான் தூக்கிக்கொண்டு படியேறிய என் காலுக்குக் குறுக்கே மஞ்சளாக ஒன்று பாய்ந்து ஓடியது. கையிலிருந்த குக்கர் உருண்டு கீழே போனது. மௌரீன் ஆன்ட்டி பதறியடித்து வெளியே வந்து, "அடி பட்டுச்சா கண்ணு, அடி பட்டுச்சா?" என்றார். நான் "இல்ல ஆன்ட்டி, பரவாயில்ல" என்றேன். அவர் என்னைத் தாண்டிப் போய்ப் பூனையைத் தூக்கிக்கொண்டார். கேட்டது அதனிடம்தான்.

அந்தப் பூனைக்குப் பெயர் கஸ்டர்ட். கிண்ணத்தில் ஊற்றி வைத்த கஸ்டர்டின் நிறம்தான் அதற்கு. "ம்ர்ர்ர்?" என்று வாயைத் திறக்காமலே ஒரு சத்தம் போட்டது. ஆன்ட்டி, "ஆமாண்டா, புதுசா வந்திருக்காங்க, நல்லவங்கதான்" என்று பதில் சொன்னார். எங்களைப் பற்றி அவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. அட்வான்ஸ் வாங்கியிருந்தார், அவ்வளவுதான்.

மௌரீன் ஆன்ட்டி ஒரு பெரிய தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் என்று ஒரே மூச்சில் மாறி மாறிப் பேசுவார். குரலில் இன்றைக்கும் ஒரு பிசிறு கிடையாது. பக்கத்துத் தெருவில் இருக்கும் பெர்னதெத் ஆன்ட்டி அவருடைய பள்ளிக்கூடத்து சிநேகிதி. "இவ குரலைக் கேக்கறதுக்குன்னே கிளென் தெனம் ஃபேக்டரிக்கு போன் பண்ணி ராங் நம்பர்னு சொல்லுவான், அப்புறம் என்ன, கட்டிக்கிட்டான்" என்று சொல்லிச் சிரிப்பார். அந்த கிளென் அங்கிள் நாங்கள் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். ஒரே மகள் நிக்கோல் மெல்போர்னில்.

இப்படிக் குரலால் பிழைத்த மனுஷிக்குக் கோபம் வந்தால் என்ன செய்வார் தெரியுமா? பேச்சை நிறுத்திவிடுவார். கத்த மாட்டார், பாத்திரத்தை உருட்ட மாட்டார். சோறு போடுவார், சட்டை இஸ்திரி போட்டு வைப்பார், பேச மட்டும் மாட்டார். ஒருதரம் கிளென் அங்கிள் அவரைக் கேட்காமல் வீட்டுப் பியானோவை விற்றுவிட்டாராம். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் வாழ்த்தைக்கூட ஆன்ட்டி அவருக்குச் சொல்லவில்லையாம். அங்கிள் பெர்னதெத் ஆன்ட்டி வீட்டுக்குப் போய், "என்கிட்ட ரெண்டு வார்த்தை திட்டச் சொல்லு மேன், போதும்" என்று கெஞ்சியிருக்கிறார்.

இதே வித்தையை அவர் மகளிடமும் காட்டினார். நிக்கோல் மல்லேஸ்வரத்துப் பையன் தருணைக் காதலித்தாள். அவன் வீட்டில் கன்னடம், மாதா கோயிலுக்குச் சம்பந்தமில்லாத குடும்பம். சர்ச்சில் பூசை வைத்துக் கல்யாணம் செய்யலாமா வேண்டாமா என்று இழுபறி நடந்து, கடைசியில் இருவரும் ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் கையெழுத்துப் போட்டார்கள். "இனிமே என்னை மம்மின்னு கூப்பிடாதே" என்று ஆன்ட்டி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அதோடு வாயை மூடினார். நிக்கோல் தாய்க்குத் தப்பாத மகள், அவளும் கூப்பிடவில்லை. மெல்போர்னுக்குப் போகிற அன்று, தான் பஸ் ஸ்டாப் சாக்கடையிலிருந்து எடுத்து டிராப்பரில் பால் புகட்டி வளர்த்த கஸ்டர்டைக் கொண்டுவந்து முன்னறை சோபாவில் விட்டாள். "மம்மியைப் பாத்துக்கோடா" என்று அதனிடம் சொல்லிவிட்டுப் போனாள். ஆன்ட்டி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வரவில்லை. டாக்சி போன சத்தம் கேட்ட பிறகுதான் வந்தார் என்று அவரே ஒருநாள் என்னிடம் சொன்னார். சொல்லும்போது முகம் கோணிப்போயிற்று.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை போன் தொடங்கியது. எட்டு மணிப் பூசை முடிந்து ஆன்ட்டி வீடு வந்து காபி போட்டதும் நிக்கோல் கூப்பிடுவாள். வீடியோ கிடையாது. முகம் பார்த்தால் பேச வேண்டிவரும் அல்லவா? ஆன்ட்டி போனை ஸ்பீக்கரில் போட்டு சோபாவில் கஸ்டர்ட் பக்கத்தில் வைப்பார். நிக்கோல், "கஸ்டர்ட், சாப்டியா?" என்பாள். அது "மியாவ்" என்று இழுக்கும். ஆன்ட்டி உடனே, "சொல்லுடா, மத்தி மீன் சாப்ட்டேன்னு சொல்லு. மழை பெஞ்சு பின்பக்கச் சுவரு ஊறிப்போச்சுன்னு சொல்லு" என்பார். நிக்கோல், "கஸ்டர்ட், சுவத்துக்கு ஆள் கூப்பிட்டாங்களான்னு கேளு. முட்டி வலிக்கு மாத்திரை சாப்பிடறாங்களான்னு கேளு" என்பாள். இப்படி அரைமணி நேரம் போகும். ஊடல் வந்த புருஷன் பெண்டாட்டி குழந்தையை நடுவில் வைத்துப் பேசிக்கொள்வதை நம் வீடுகளில் பார்த்திருக்கிறோம். கடல் தாண்டி, பூனையை நடுவில் வைத்து, தாயும் மகளும் பேசியதை நான் அங்கேதான் பார்த்தேன். எனக்குச் சிரிப்பாக வரும். கொஞ்சம் எரிச்சலாகவும் வரும். ஒரு தரம், "நேரா பேசிடுங்களேன் ஆன்ட்டி" என்றேன். "அவ மம்மின்னு கூப்பிடட்டும் ஃபர்ஸ்ட்டு" என்றார். கூப்பிடாதே என்று சொன்னவர் அவர்தான். அதை அவருக்கு யார் ஞாபகப்படுத்துவது?

ஆனால் கஸ்டர்டிடம் மட்டும் அவர் ஒருநாளும் பேச்சை நிறுத்தியதில்லை. அது பால் பாக்கெட்டைக் கிழித்தால்கூட ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டு உடனே சமாதானமாகிவிடுவார். எனக்கு மியாவ் என்றால் மியாவ்தான், அதில் என்ன வித்தியாசம்? ஆன்ட்டிக்கு அப்படியில்லை. வேலை பார்த்த காலத்தில் எந்த டிபார்ட்மென்டிலிருந்து லைன் வருகிறது என்று போர்டில் எரியும் விளக்கைப் பார்க்காமலே சொல்வாராம், அந்தக் காது. கதவு திறக்கச் சொல்வது வாலை இழுத்த மாதிரி கடைசியில் உயரும். மீனுக்குக் கேட்பது குட்டை குட்டையாக, விடாமல் வரும். ஜன்னலில் புறா வந்து உட்கார்ந்தால் பல்லை நறநறத்துக்கொண்டு கிடுகிடுவென்று ஒரு சத்தம் போடும். "எட்டாத புறாவைத் திட்டுறான்" என்பார் ஆன்ட்டி. காலையில் அவர் எழுந்ததும் மட்டும் அந்த மூடிய வாய் "ம்ர்ர்ர்?" வரும். அதற்கு ஆன்ட்டி அதே மாதிரி வாயை மூடிக்கொண்டு "ம்ர்ர்ர்" என்று திருப்பிச் சொல்வார். கைப்பிடிச் சுவரில் துணி உலர்த்த நிற்கிற எனக்கு இந்த ரெண்டு சத்தமும் கேட்கும். எது பூனை, எது ஆன்ட்டி என்று சில நாள் தெரியாது.

ஜனவரியில் ஒரு ஞாயிறு நிக்கோல் போனில், "கஸ்டர்ட், உனக்கு ஒரு விஷயம் சொல்லட்டுமா? மே மாசம் உனக்கு ஒரு தங்கச்சிப் பாப்பா வரப்போறா" என்றாள். கஸ்டர்ட் கொட்டாவி விட்டது. ஆன்ட்டி போனைக் கையில் எடுத்துக்கொண்டார். "கஸ்டர்ட், பத்திரமா இருக்கச் சொல்லு. படி ஏறி இறங்க வேணாம்னு சொல்லு" என்றார். போனை வைத்துவிட்டு மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "பிரசவத்துக்கு என்னைக் கூப்பிடுவாளா பார்கவி? பாஸ்போர்ட் எல்லாம் இருக்குது. ஒரு வார்த்தை மம்மி வாங்கன்னு சொன்னா போதும், நான் அடுத்த ப்ளைட்ல நிப்பேன்" என்றார். அன்றிலிருந்து அவருக்கு இருந்த ஒரே கவலை அதுதான். பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும், மகள் தன்னைக் கூப்பிட வேண்டும்.

அடுத்த மாதம் தவக்காலம் வந்தது. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் ஏதாவது ஒன்றை விட்டுவிடுவார்கள். பீஃப், சாக்லேட், சீரியல், இப்படி. அந்த வருஷம் ஃபாதர் பிரசங்கத்தில், "பிடிக்காததை விடறது ஒறுத்தல் இல்ல, விட்டா வலிக்கணும், அதுதான் காணிக்கை" என்று போட்டுத் தாளித்திருக்கிறார். தெருக்காரர்கள் கூடி ஜெபம் சொல்லும் அன்பியக் கூட்டம் அந்த வாரம் ஆன்ட்டி வீட்டில் நடந்தது. நாற்காலி போதவில்லை என்று எங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆளாளுக்கு எதை விடப்போகிறோம் என்று சொன்னார்கள். ஆன்ட்டி காபியை விடுவதாகச் சொன்னார். பெர்னதெத் ஆன்ட்டி சும்மா இருக்கவில்லை.

"காபி என்ன பெரிய விஷயம் மௌரீன்? அந்தப் பூனைகிட்ட பேசறதை விடு பாக்கலாம். ஒரு நாள் தாங்குவியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆன்ட்டி சிரிக்கவில்லை. மாதா படத்தைப் பார்த்தார், கீழே உரசிக்கொண்டிருந்த கஸ்டர்டைப் பார்த்தார். "விடறேன்" என்றார். "நிக்கோல் பிரசவத்துக்காக ஒப்புக்கொடுக்கறேன்."

பெர்னதெத் ஆன்ட்டி பதறிப்போய், "ஏய், நான் ஜோக்குக்குச் சொன்னேன்" என்றார். ஆனால் மாதாவின் முன்னால் சொன்ன சொல்லை மௌரீன் ஆன்ட்டி திரும்ப எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை. எனக்கு அந்த ஃபாதர் மேல் இன்றைக்கும் கோபம்தான்.

மறுநாள் காலை கஸ்டர்ட் "ம்ர்ர்ர்?" என்றது. பதில் இல்லை. மறுபடியும் சொன்னது. ஆன்ட்டி குனிந்து தலையைத் தடவினார், மீனை ஆய்ந்து வைத்தார், உதட்டை மட்டும் இறுக்கிக்கொண்டார். முதல் வாரம் அது வீட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டது. கதவுச் சத்தம், மீன் சத்தம், புறாச் சத்தம், தனக்குத் தெரிந்தது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அவர் முன்னால் நின்று போட்டுப் பார்த்தது. முகத்தை அண்ணாந்து பார்த்துக் கத்தும். நிறுத்திக் காத்திருக்கும். மறுபடி கத்தும். நான் தாங்க முடியாமல் கீழே இறங்கிப் போய், "ஆன்ட்டி, பாவம் அது, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றேன். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "அது கஷ்டப்படறதைப் பாத்தா எனக்கு வலிக்குதுல்ல? அந்த வலியைத்தான் ஆண்டவருக்குக் குடுத்திருக்கேன்" என்றார். நான் மாடிக்குத் திரும்பிவிட்டேன். அவர்கள் சாமி, அவர்கள் விரதம்.

தவக்காலத்தின் முதல் ஞாயிறு போன் வந்தபோது நான் அங்கே இருந்தேன், இட்லி மாவு கொடுக்கப் போயிருந்தேன். நிக்கோல், "கஸ்டர்ட், சாப்டியா?" என்றாள். அது ஆசையாக மியாவ் என்றது. அடுத்து ஆன்ட்டி, "சொல்லுடா" என்று ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பிக்கவில்லை. பூனையிடம் பேசினால் நேர்ச்சை முறியும். மகளிடம் நேராகப் பேச ரோஷம் விடவில்லை. நடுவில் அவருக்கு வேறு பாஷையே இல்லாமல் போயிற்று. நிக்கோல் காத்திருந்தாள். "என்ன கஸ்டர்ட், நீ மட்டும்தான் இருக்கியா?" என்றாள். பிறகு, "கோவமா இருக்காங்க போல. சரி, வைக்கறேன்" என்றாள். நான் கையை ஆட்டி, பேசுங்க பேசுங்க என்று சைகை காட்டினேன். ஆன்ட்டி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு மாட்டேன் என்று தலையை ஆட்டினார். போன் கட்டாகிவிட்டது. "ஈஸ்டர் வரைக்கும்தானே. அப்புறம் எல்லாம் சரியாயிடும்" என்று என்னிடம் சொன்னார்.

கஸ்டர்ட் மெதுவாக அடங்கியது. மூன்றாம் வாரத்தில் ரெண்டு தடவை கூப்பிட்டுப் பார்க்கும், பிறகு ஒரு தடவை. அப்புறம் அதுவும் இல்லை. கிண்ணத்தின் அருகில் போய் உட்கார்ந்து கொள்ளும், வைத்தால் சாப்பிடும். இதற்கிடையில் அது மாடிக்கு வரப் பழகியிருந்தது. சீனுவுக்கு வீட்டிலிருந்தே வேலை. நாள் முழுவதும் காதில் ஹெட்போனோடு யாரோ ஒருவரிடம் பேசிக்கொண்டிருப்பவன். கஸ்டர்ட் வந்து அவன் மேஜைக்குப் பக்கத்தில் நின்று மியாவ் என்றது. அவன் விளையாட்டாக, "சொல்லுங்க சார், என்ன இஷ்யூ?" என்றான். அது மறுபடி மியாவ் என்றது. "கம்ப்ளெயின்ட் டிக்கெட் போட்டாச்சா சார்?" என்றான். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. நான் பூனை வீட்டுக்குள் வேண்டாம் என்று கத்தினேன். இரண்டு பேரும் என்னைக் காதில் வாங்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு அன்று போன் வந்ததை ஆன்ட்டி பிறகு சொல்லித்தான் தெரியும். வழக்கமான நேரத்தைத் தாண்டி வந்ததாம். நிக்கோல் குரல் ரொம்பச் சோர்ந்திருந்ததாம். "கஸ்டர்ட்" என்று கூப்பிட்டிருக்கிறாள். அது காலை நக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. "கஸ்டர்ட், டேய், இருக்கியா?" ஒன்றும் இல்லை. மூன்றாவது முறையும் கூப்பிட்டுவிட்டு வைத்துவிட்டாள். இன்னும் ஒரு வாரம்தானே என்று ஆன்ட்டி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

ஈஸ்டர் அன்று பூசை முடிந்து அவர் ஓட்டமும் நடையுமாக வந்தார். கேட்டைத் திறக்கும்போதே, "கஸ்டர்ட்! டேய் தங்கம்! வந்துட்டேன்டா! மம்மி வந்துட்டேன்டா!" என்று தெருவே கேட்கக் கூப்பிட்டார். நான் மேலிருந்து எட்டிப் பார்த்தேன். கஸ்டர்ட் சோபாவிலிருந்து இறங்கி வந்து அவர் காலில் உரசியது. அவர் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, இத்தனை வாரமும் சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டினார். அது மடியில் சுருண்டு கர்ர் கர்ர் என்று நெஞ்சுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தது. வாயைத் திறக்கவில்லை. "ம்ர்ர்ர்" என்று அவரே சொல்லிப் பார்த்தார். அது அவர் வாயைப் பார்த்தது, தலையைத் திருப்பிக்கொண்டது. போனும் வரவில்லை. கட்லெட்டும் ஈஸ்டர் முட்டையும் மேஜையில் அப்படியே இருந்தன.

அடுத்த ஞாயிறும் போன் வரவில்லை. கஸ்டர்டும் பேசவில்லை. தொண்டையில் முள் குத்தியிருக்கும் என்று முடிவு கட்டி ஆன்ட்டி என்னையும் இழுத்துக்கொண்டு கால்நடை டாக்டரிடம் போனார். டாக்டர் நாகேஷ் நல்ல மாதிரி, தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். வாயைத் திறந்து லைட் அடித்துப் பார்த்தார், கழுத்தை அமுக்கிப் பார்த்தார்.

"தொண்டை சரியா இருக்கு ஆன்ட்டி, ஏனு தொந்தரே இல்ல. வீட்ல ஏதாவது மாறிச்சா?"

ஆன்ட்டி சொன்னார். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு யோசித்தார்.

"பெரிய பூனைங்க தங்களுக்குள்ள மியாவ்னு பேசிக்கறது ரொம்பக் கம்மி ஆன்ட்டி. சண்டை போடும், சீறும், ஊளை விடும். இந்த மியாவ் இருக்கே, அது குட்டி அம்மாகிட்ட பேசறது. வளந்தப்புறம் விட்டுடும். மனுஷங்ககிட்ட மட்டும் விடாம வெச்சுக்கும். ஏன்னா நாம திரும்பிப் பாக்கறோம், கதவு திறக்கறோம், பதில் சொல்றோம். பதில் வரலைன்னா அது எதுக்குச் சும்மா கத்தணும்?"

"திரும்பப் பேசுமா டாக்டர்?"

"பேசலாம். நீங்க பேசிட்டே இருங்க. ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி, கேரண்டி சொல்ல முடியாது."

ஆட்டோவில் வரும்போது ஆன்ட்டி கஸ்டர்ட் இருந்த கூடையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் கூடையைத் திறந்ததும் கஸ்டர்ட் நேராக மாடிப்படி ஏறியது. மேலே சீனு, "வாங்க சார், ஆஸ்பத்திரில என்ன சொன்னாங்க?" என்று கேட்டதும், அது "மியாவ்" என்று நீளமாக, கடைசியில் வளைத்து, ஒரு முழுக் கதை சொன்னது. ஆன்ட்டி படிக்கட்டின் கீழே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார். எனக்கு ஓடிப்போய் சீனுவின் வாயைப் பொத்தலாமா என்று இருந்தது. "தொண்டை நல்லாத்தான் இருக்குது" என்றார் ஆன்ட்டி.

அன்று சாயங்காலம் பெர்னதெத் ஆன்ட்டி வந்தார். விஷயத்தைக் கேட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமைல எதுக்கு மௌரீன் வாயை மூடிக்கிட்டிருந்தே? ஞாயிறு தவக்காலக் கணக்குலயே வராதே! எங்க வீட்ல ஞாயித்துக்கிழமை எல்லாரும் பீஃப் சாப்ட்டோம். நீ அன்னிக்குப் பேசியிருக்கலாமே!"

அவர் நல்ல மனசில்தான் சொன்னார். ஆனால் ஆன்ட்டியின் முகத்தைப் பார்த்ததும் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று புரிந்து, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். நிக்கோல் கூப்பிடுவது ஞாயிற்றுக்கிழமைதான். ஒவ்வொரு ஞாயிறும் பேசியிருக்கலாம். கடவுளே குறுக்கே நிற்காத இடத்தில் ஆன்ட்டி தானே போய் ஒரு சுவரைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். "எனக்குத் தெரியும் பெர்னி" என்றார் ஆன்ட்டி மெதுவாக. "சின்னப் பிள்ளைல படிச்சதுதான். பேசாம இருக்கறது எனக்குப் பழக்கம், அதான் ஞாபகமே வரலை."

மறுநாள் பதினோரு மணிவாக்கில் ஆன்ட்டி போனோடு மாடிக்கு வந்தார். "அவளை நானே கூப்பிடறேன். இது இங்கதானே பேசுது, இங்கேருந்து பண்றேன்" என்றார். நிக்கோல் மெல்போர்ன் போனதிலிருந்து அவர் தானாக அந்த நம்பரை அழுத்தியது அதுதான் முதல் தடவை. கஸ்டர்ட் சீனுவின் மேஜை மேல் கீபோர்டை அடைத்துக்கொண்டு படுத்திருந்தது. ஸ்பீக்கரில் மணி போனது.

"ஹலோ?" என்றாள் நிக்கோல். ஆன்ட்டி கஸ்டர்டைப் பார்த்தார்.

"ஹலோ? என்ன ஆச்சு? கஸ்டர்ட் போயிடுச்சா?"

அம்மா தானாகக் கூப்பிட்டால் வேறு என்ன செய்தி இருக்க முடியும் என்று அவள் நினைத்திருக்கிறாள். ஆன்ட்டி அவசரமாக, "இல்லம்மா, இல்ல, நல்லா இருக்குது, இதோ இருக்குது" என்று சீனுவைப் பார்த்துக் கையை ஆட்டினார். சீனு, "சார், லைன்ல யாரு பாருங்க" என்றான். கஸ்டர்ட் மியாவ் என்றது. அந்தப் பக்கத்தில் மூச்சை இழுத்து விடுவது கேட்டது.

"கூட யாரு பேசறது?"

"மாடி சீனு. அது இப்ப அவன்கிட்டதான் பேசுது நிக்கோல். என்கிட்ட பேசறதில்ல. தவக்காலம் பூரா நான் அதுகிட்ட பேசலை. நீ நல்லபடியா பெத்துப் பொழைக்கணும்னு நேர்ச்சை. கோவம் இல்லடி. உன்மேல எனக்குக் கோவமே இல்ல. நான் மம்மி பேசறேன். மம்மின்னு கூப்பிடு."

சீனு எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டான். எனக்கும் எங்காவது போய்விடலாம் போலிருந்தது.

"குருத்து ஞாயிறு அன்னிக்கு ஹாஸ்பிடல்லேருந்து பண்ணினேன்" என்றாள் நிக்கோல். குரலில் கோபம் இல்லை, அதுதான் கேட்கவே முடியவில்லை. "அதுக்கு முதல் நாள்தான் பாப்பா பொறந்தா. முன்னாடியே பொறந்துட்டா. கண்ணாடிப் பெட்டியில வெச்சிருந்தாங்க. எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு. கஸ்டர்ட்கிட்ட சொன்னா உங்க காதுல விழும்னு பண்ணினேன். நீங்களும் பேசலை, அதுவும் பேசலை."

ஆன்ட்டி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ" என்றார். "ஐயோ, என் கண்ணு." இத்தனை வருஷம் பேசாமல் இருந்ததற்கெல்லாம் சேர்த்து அவர் அப்போது வருந்தினார் என்று எனக்குத் தெரிந்தது. அவர் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

அப்போது போனுக்குள் ஒரு குழந்தை அழுதது. மெல்லிய, உடைந்த, புதிதான அழுகை. ஆன்ட்டி போனை இரண்டு கையாலும் பிடித்து முகத்தருகே கொண்டுபோனார். உதடு குவிந்தது. அதற்குள் அங்கே வேறொரு பெண் குரல், "பந்தே புட்டா, பந்தே" என்று கொஞ்சிக்கொண்டே நெருங்கியது. வந்துட்டேன் கண்ணா, வந்துட்டேன் என்று கன்னடத்தில். அழுகை விக்கி, தேம்பி, நின்றது.

"யாரும்மா அது?"

"தருணோட அம்மா. அவங்கதான் வந்து பாத்துக்கறாங்க."

"நல்லது. நல்லது. நல்லா பாத்துக்கறாங்கல்ல?" ஆன்ட்டி மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "பாப்பாவைக் கொஞ்சம் போன்கிட்ட கொண்டாயேன். ஒரு வார்த்தை பேசறேன்."

"தூங்கிட்டா" என்றாள் நிக்கோல்.

"சரிம்மா, தூங்கட்டும், எழுப்ப வேணாம். நான் நாளைக்குக் கூப்பிடட்டுமா?"

அந்தப் பக்கத்திலிருந்து சரி என்றும் வரவில்லை, வேண்டாம் என்றும் வரவில்லை. ஆன்ட்டி போனைக் காதோடு வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.